கல்லை நம்பி இறங்குதல்

எங்கள் மலைப்பாதையின் அந்தத் திருப்பத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் புளியமரத்து மூலை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், பங்குனி மாதத்து ஞாயிறு ஒன்றில், என் இடப்பக்கக் காறை எலும்பு அங்கேதான் முறிந்தது. அதன் பிறகு போன ஞாயிறுதான் அதே மூலையை முதன்முறையாகக் கால் ஊன்றாமல் சைக்கிளில் இறங்கிக் கடந்தேன். கடந்த பிறகு சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, கை நடுக்கம் அடங்கும் வரை அதன் வேரில் உட்கார்ந்திருந்தேன். அது பயத்தில் வந்த நடுக்கம் இல்லை. இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான்.

எனக்கு வயது 44. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ தொழிற்சாலையில், தோல் வெட்டும் பிரிவில் இருபது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வீடு வேலூர் தொரப்பாடியில். டிப்ளமோ முடித்து ஓசூருக்கு வேலைக்குப் போன அண்ணன் மகன், தன் கியர் சைக்கிளை எங்கள் தாழ்வாரத்தில் விட்டுவிட்டுப் போனான். ஆறு மாதம் அது துணி போர்த்திக்கொண்டு நின்றது. தூசு துடைக்கப் போனவள், ஒரு நாள் ஏறி ஓட்டேரி வரை மிதித்துப் பார்த்தேன். அகலமான டயர், முன்னால் நீளமாக அமுங்கி எழும் சஸ்பென்ஷன், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். சாலைக் குழிகளை அது விழுங்கிக்கொண்டு போனது. பள்ளிக்கூட நாளில் அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்ட காலத்துக்குப் பிறகு, அப்படி ஒரு விடுதலையை என் உடம்பு அறிந்ததில்லை. இப்போது அவனிடம் வேறு வண்டி இருக்கிறது; ஞாயிறுகளில் ஊருக்கு வரும்போது என்னோடு ஓட்டுவான். இது என்னுடையது.

ஓட்டேரியைத் தாண்டினால் பாலமதி மலைச் சாலை. அதில் ஏறிப் பழகி, பிறகு மலைக்காரர்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதைகளுக்கு வந்து சேர்ந்தோம். எந்தப் பாதை என்று இங்கே சொல்லப் போவதில்லை. அதன் ஒரு பக்கம் காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் அதற்குள் சக்கரம் வைக்கக் கூடாது. நாங்கள் போவது சிற்றூருக்கும் அடிவாரத்துக்கும் இடையில் மனிதரும் ஆடும் நடந்து நடந்து உண்டாக்கிய தடம். அதை உண்டாக்கியவர்களுக்கு வழிவிட்டு நிற்பதுதான் அங்கே முதல் சட்டம்.

தொடக்கத்தில் அந்தத் தடத்தில் நாங்கள் மிதித்து ஏறியதே இல்லை. மளிகைச் சாமான் ஏற்றிக்கொண்டு மேலே போகும் சிறிய சரக்கு வண்டி ஒன்றில் சைக்கிள்களைக் கயிறு போட்டுக் கட்டி, மேலே இறங்கிக்கொண்டு, அங்கிருந்து சரிவில் விடுவோம். இறக்கம்தானே இன்பம், ஏற்றத்தில் என்ன இருக்கிறது என்பது அண்ணன் மகனின் கட்சி. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஏழெட்டு ஞாயிறு அப்படிப் போயிற்று. ஒவ்வொரு முறையும் அடிவாரம் வந்து சேரும்போது, கடந்து வந்த பாதை எப்படி இருந்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. பச்சையும் செம்மண்ணும் கலங்கிய ஒரு ஓட்டம் மட்டுமே கண்ணில் நிற்கும். அதைத் திறமை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

புளியமரத்து மூலையில் பாதை இடப்பக்கம் மடங்குகிறது. மடங்கும் இடத்தில் வழவழப்பான பாறை; அதன் மேல் இரண்டு விரல் கனத்துக்குப் பருமணல். வெயிலிலும் மழையிலும் காலங்காலமாகக் கருங்கல் உதிர்த்த மணல் அது. ஒவ்வொரு துகளும் மிளகு அளவு. காய்ந்திருக்கும்போது, பாறை மேல் கேழ்வரகைக் கொட்டியது போல் உருளும். அன்றைக்கு வேகம் கூடிவிட்டது என்று மூலைக்குள் நுழைந்த பிறகுதான் உணர்ந்தேன். வலது கை தானாகவே முன் பிரேக்கை இறுக்கியது. சுழலும் சக்கரம்தான் திரும்பும். பூட்டிக்கொண்ட சக்கரத்துக்குத் திசை கிடையாது, அது வழுக்குப்பலகை. “அத்தை, பிரேக்கை விடுங்கள்!” என்று பின்னாலிருந்து அவன் கத்தியது கேட்டது. அடுத்த கணம் இடத்தோள் பாறையில் இருந்தது. சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம். வலி சற்றுத் தாமதமாகத்தான் வந்தது.

ஆறு வாரம் கையைத் தூளியில் போட்டிருந்தார்கள். அண்ணன் வந்து மகனைத் திட்டினார். அண்ணி எனக்கு எதிரில் உட்கார்ந்து அழுதார்கள். “போதும், விட்டுவிடு” என்று சொல்லாதவர்களே இல்லை. விட்டுவிடுவேன் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் இரவில் கண்ணை மூடினால் அந்த மூலை வரும். அதன் மணல் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று யோசிப்பேன், தெரியாது. அங்கே விலகிப் போக வேறு தடம் இருந்ததா? தெரியாது. எலும்பு முறிந்ததைவிட அந்தத் தெரியாமைதான் என்னை அரித்தது.

நான்காவது வாரம், சித்திரை வெயிலுக்கு முன்பாகவே எழுந்து, தூளியோடு அந்தப் பாதையில் நடக்கப் போனேன். வீட்டில் சொல்லவில்லை. பாதி தூரத்தில், மேலிருந்து ஓர் ஆயா இறங்கி வந்தார். தலையில் கூடை, கூடை நிறையப் புளி. இருபது கிலோ இருக்கும். செருப்பு இல்லை. நான் மூச்சு வாங்கிக்கொண்டு பாறையைப் பிடித்து நின்ற இடத்தில், அவர் கூடையைக் கையால்கூடத் தொடாமல் வந்துகொண்டிருந்தார்.

நான் அவர் பாதங்களையே பார்த்தேன். முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடங்கியே இருந்தது. அடிகள் குட்டையானவை. எல்லா அடியும் ஒரே வேகத்தில் இல்லை: பதிந்த கல் வந்தால் அங்கே ஒரு கணம் நின்றார், மணல் வந்தால் தயங்காமல் இரண்டு மூன்று எட்டில் கடந்தார். செங்குத்தான இடத்தில் நேராக இறங்கவில்லை. பாதையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் குறுக்காக வந்தார். கண்கள் காலடியில் இல்லை. எப்போதும் நான்கைந்து எட்டு முன்னால் இருந்தன.

“கை என்ன ஆயிற்று?” என்றார்.

“இங்கே கீழேதான் விழுந்தேன், ஆயா. சைக்கிளில்.”

அவர் கூடையை இறக்கச் சொல்லி என் நல்ல கையை உதவிக்குக் கேட்டார். பாறையில் உட்கார்ந்து, நான் விழுந்த விதத்தை முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: “மணலில் நிற்க நினைத்தால் அது உன்னைக் கொண்டு போய்விடும். கல்லில் நில். மணலை ஓடிக் கட.”

இறங்குவதைப் பற்றி எனக்கு யாரும் அதைவிடச் சரியாகச் சொன்னதில்லை. வேகத்தைக் குறைக்க வேண்டிய இடம் பிடிப்புள்ள கெட்டித் தரை. பிடிப்பில்லாத இடத்தில் பிரேக்கை விட்டுச் சக்கரத்தை உருள விட வேண்டும். அண்ணன் மகன் இதையே காணொளிகளைக் காட்டி எனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறான். மூளைக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை. அந்தப் பாதங்களைப் பார்த்த பிறகுதான் கைக்கு எட்டியது. அன்று அவரோடு சேர்ந்து அந்த மூலை வரை இறங்கினேன். கல் எது, மணல் எது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூலையின் வெளி ஓரத்தில், ஒரு முழ அகலத்துக்கு, மணல் தங்காத பாறை விளிம்பு ஒன்று இருந்தது. ஏழெட்டு முறை அதைக் கடந்திருக்கிறேன். ஒருமுறைகூடக் கண்டதில்லை.

பார்க்கத் தெரியாதவள் இல்லை நான். என் பிழைப்பே பார்ப்பதுதான். ஒரு தோல் மேசைக்கு வந்தால் முதலில் விரித்து, விரலால் தடவி, இழுத்துப் பார்க்க வேண்டும். முதுகுப் பக்கம் இறுக்கமாக இருக்கும். வயிற்றுப் பக்கம் தளர்ந்து நீளும். எந்தத் திசையில் நீளும் என்று தெரியாமல் வெட்டினால் அந்த ஷூ நான்கு நாளில் கோணிக்கொள்ளும். மாடு உயிரோடிருந்தபோது முள்வேலி கிழித்த தழும்பு, உண்ணி கடித்த புள்ளி, சூடு போட்ட அடையாளம் எல்லாவற்றையும் ஒதுக்கி, ஷூவின் முன்பகுதிக்கு நல்ல இடத்தையும் மறைவான பகுதிகளுக்கு மற்ற இடத்தையும் கணக்குப் பண்ண வேண்டும். இதை ஒரு நிமிடத்தில் செய்வேன். ஆனால் ஒரு மலையின் மேல்தோலைப் படிக்காமலே அதன் மேல் உருண்டுகொண்டிருந்தேன். அதை நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

எலும்பு கூடியதும் அண்ணன் மகனிடம் சொல்லிவிட்டேன்: இனிமேல் சரக்கு வண்டி வேண்டாம், மிதித்து ஏறாத பாதையில் நான் இறங்கப் போவதில்லை. ஏறும்போது மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகம். நடையைவிட மெதுவு. அந்த வேகத்தில் ஒவ்வொரு கல்லும் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். இறங்கும்போது அதே கற்கள் தெரிந்த முகங்களாக எதிரே வரும். இதைத்தான் நான் உரக்கச் சொல்ல விரும்புகிறேன். ஏற்றத்தை, இறக்கத்துக்காகக் கொடுக்கும் கூலி என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது பாடம். வலி அந்தப் பாடத்தின் ஒரு பகுதி. வேகமாகப் போக விடாமல் கண்ணைத் தரையில் பிடித்து வைப்பது அந்த வலிதான்.

வலியைக் குறைத்துச் சொல்லவும் எனக்கு மனமில்லை. முன்னால் 32 பல், பின்னால் ஆகப் பெரிய தட்டில் 46 பல் கியர் போட்டுக்கொண்டுதான் ஏறுகிறேன். பின் சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றப் பெடலை ஏறக்குறைய ஒன்றரைச் சுற்று மிதிக்க வேண்டும். நூறு அடிக்கு இருபது அடி உயரும் இடத்தில் அதுவும் போதாது. சீட்டின் நுனிக்கு நகர்ந்து, நெஞ்சை ஹேண்டில்பார் வரை தாழ்த்தி, முழங்கையை மடக்கிக்கொள்ள வேண்டும். நிமிர்ந்தால் முன் சக்கரம் மேலே எழும்பும். எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரம் பிடிப்பை இழந்து மணலில் சுற்றும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் அளவு இடம்தான் உடம்புக்கு உண்டு. அந்தச் சாணுக்குள் கிடந்து மிதிக்கும்போது தொடை எரியும், இடுப்பு இறுகும், வியர்வை கண்ணுக்குள் இறங்கிக் கரிக்கும், காதில் சொந்த இதயம் மட்டுமே கேட்கும். மூன்றாவது மேட்டில் ஒருமுறை வாந்தி எடுத்திருக்கிறேன். வேலூரைப் பற்றிய பழைய சொலவடையில் தண்ணீர் இல்லாத ஆறு, அரசன் இல்லாத கோட்டை என்ற வரிசையில் மரமில்லாத மலையும் வரும். அதே வரிசையில் சாமி இல்லாத கோயிலும் உண்டு. கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் 1981-ல் திரும்பி வந்துவிட்டார். மலைகளுக்கு மரம் இன்னும் திரும்பவில்லை. மொட்டைப் பாறைகள் முந்தின நாள் வாங்கிய வெயிலை விடியற்காலையில்கூட முகத்தில் ஊதுகின்றன. சித்திரை, வைகாசியில் ஐந்து மணிக்கே தொடங்கி எட்டுக்குள் இறங்கிவிட வேண்டும். மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். உப்புப் போட்ட மோர் அதைவிட நல்லது.

ஒருநாள் அடிவாரத்தில் நின்றபோது பிரேக்கிலிருந்து கருகிய வாடை வந்தது. அப்போதுதான் அண்ணன் மகன் எனக்கு ரீபேக் கதையைச் சொன்னான். கலிபோர்னியாவில் ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்கு அருகே ஒரு மண்பாதை. சுமார் மூன்றரை கிலோமீட்டரில் 400 மீட்டர் இறங்குகிறது. 1976 அக்டோபர் 21 அன்று அங்கே இளைஞர்கள் சிலர் பழைய கனத்த சைக்கிள்களை வைத்துப் பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழைய வகை பிரேக். ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் பின் சக்கரத்தின் நடுவிலிருக்கும் கிரீஸ் எல்லாம் சூட்டில் புகையாகிப் போய்விடும். மறுபடி பிரித்துப் புதிய கிரீஸை அடைக்க வேண்டும். அப்படித் திரும்ப அடைப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லே அந்தப் பாதைக்கு ரீபேக் என்று பெயராகிவிட்டது. அவர்களில் ஒருவரான ஜோ ப்ரீஸ், 1977-ல் இதற்கென்றே புதிதாகச் சட்டகம் (ஃபிரேம்) செய்து ஒரு சைக்கிளை உருவாக்கினார். என் தாழ்வாரத்தில் நிற்கும் வண்டிக்குப் பாட்டன் அதுதான். 1996 அட்லாண்டாவில் மவுண்டன் பைக் எனப்படும் இந்த மலைச் சைக்கிள் விளையாட்டு ஒலிம்பிக்குக்குள் வந்தது. ஏற்றமும் இறக்கமும் சேர்ந்த பந்தயம் அது. இத்தாலியின் பாவ்லா பெட்சோ அங்கேயும், 2000-ல் சிட்னியிலும் பெண்கள் பிரிவில் தங்கம் வென்றார். அவர் ஏறும் காட்சியைத் தேடிப் பார்த்தேன். முகத்தில் அதே கரிப்பு.

எங்கள் பாதையும் ஏறத்தாழ 400 மீட்டர் உயரம். அண்ணன் மகன் ஒரு தாளில் கணக்குப் போட்டான். நான், வண்டி, தண்ணீர், பை எல்லாம் சேர்த்து 72 கிலோ. அதை 400 மீட்டர் உயர்த்தினால் சேரும் ஆற்றல் சுமார் 2,80,000 ஜூல். இறங்கும்போது அவ்வளவும் எங்காவது போயாக வேண்டும். டயரும் காற்றும் கொஞ்சம் தின்னும், பெரும்பகுதி பிரேக்கில் சூடாகும். ஒரு லிட்டர் தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொதிக்கவைக்க ஆகும் சூடு ஏறக்குறைய அவ்வளவுதானாம். எனக்கு உடனே தோன்றிய கேள்வி வேறு: ஏறும்போது? அதற்கும் பதில் சொன்னான். தின்ற சாப்பாட்டில் கால்பங்குதான் பெடலுக்குப் போகும், முக்கால்பங்கு உடம்பிலேயே சூடாகும். அப்படியானால் இரண்டரை லிட்டருக்கு மேல் கொதிக்கவைக்கும் சூட்டை நான் சுமந்துகொண்டு ஏறுகிறேன். அந்தத் தாளை அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன். தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்தப் பாதை நினைவுக்கு வருகிறது.

ஏலகிரிக்கும் ஒருமுறை போனோம். பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். பாவேந்தர், பாரதி, வள்ளுவர் எனத் தொடங்கிக் கடையெழு வள்ளல்கள் வரை பெயர்ப் பலகைகள். நல்ல தார்ச்சாலை, நல்ல காற்று. பேகன் வளைவு வரை மிதித்து ஏறினேன். ஆனால் தார்ச்சாலை எனக்கு எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை.

ஆவணி மழைக்குப் பிறகு எங்கள் பாதை வேறு ஆளாகிவிடும். மாலையில் இடி இடித்துக் கொட்டிய மறுநாள் காலை, பருமணல் நனைந்து இறுகி, சக்கரத்தைக் கையால் பிடித்தது போல் பிடிக்கும். செம்மண் ஈரத்தில் டயர் போகும் சத்தம் துணி கிழிவது போல இருக்கும். அந்த ஆறேழு வாரம்தான் ஆண்டின் பண்டிகை. வேலிகாத்தான் முள் மட்டும் எப்போதும் ஒன்றுதான். டியூப் இல்லாத டயருக்குள், ஓட்டையை உள்ளேயே அடைக்கும் பால் ஊற்றி, 22 பவுண்டு காற்று வைத்த பிறகு பஞ்சர் தொல்லை பெரிதும் குறைந்தது. அதற்கு மேல் காற்று வைத்தால் டயர் கல் மேல் துள்ளும்; பிடிக்காது.

போன ஞாயிறு ஆறேகாலுக்கு மேலே போய்ச் சேர்ந்தேன். கீழே நகரம் இன்னும் மங்கலாக இருந்தது. அதற்கப்பால் பாலாறு வெளிறிய கோடாகத் தெரிந்தது. பத்து நிமிடம் நின்று, ஒரு வாழைப்பழம் தின்று, சீட்டைத் தாழ்த்திக்கொண்டேன். இரண்டு பெடலையும் மட்டமாக வைத்து, குதிகாலைக் கீழே அழுத்தி, முழங்காலை மடக்கி நின்றேன். ஆயாவின் முழங்கால் அளவுக்கு. பிரேக்கில் ஒவ்வொரு விரல் மட்டும்.

முதல் மேடு. வேர் குறுக்கே ஓடும் இடம். நாவல் மரத்தடியின் படிக்கல்லில் முன் சக்கரம் விழுந்து, சஸ்பென்ஷன் அமுங்கி எழுந்தது. கண் நான்கைந்து கல் முன்னால். பதிந்த கல் வந்தது, பிரேக்கைத் தொட்டேன். மணல் வந்தது, விட்டேன். கல், மணல், கல். முன்னங்கை இரண்டும் இறுகத் தொடங்கியபோது, வாய் தன்னால் எண்ணிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். புளியமரம் தெரிந்தது. அதற்கு முன் உள்ள அகலப் பாறையில் வேகத்தை முழுக்கக் குறைத்தேன். பிறகு இரண்டு விரலையும் பிரேக்கிலிருந்து எடுத்தேன். உடம்பு முழுவதும் பிடி, பிடி என்றது. பிடிக்கவில்லை. வெளி ஓரத்துப் பாறை விளிம்பைப் பார்த்தேன்; சக்கரம் கண் போன இடத்துக்குப் போயிற்று. மணல் இடப்பக்கம் விலகியது. மூலை எனக்குப் பின்னால் இருந்தது.

நெஞ்சில் ஒன்று திறந்துகொண்டது. ஓர் ஓலம் போல என்னிடமிருந்து சத்தம் வந்திருக்க வேண்டும். மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலை தூக்கிப் பார்த்தன. அதன் பிறகுதான் அந்த வேர், அந்த நடுக்கம்.

பின்னால் வந்த அண்ணன் மகன் வண்டியை நிறுத்தி, ஒன்றும் பேசாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். இப்போதெல்லாம் அவனும் மிதித்துத்தான் ஏறுகிறான். ஆயா நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதே வந்தார். கூடையில் சீத்தாப்பழம். கண் விரிந்து பழுத்த பழமாக இரண்டைப் பொறுக்கி என் மடியில் வைத்தார். காசு வாங்க மறுத்தார். மூலையைக் கடந்துவிட்டேன் என்று சொன்னேன்.

“தெரியும். மேலே நின்று பார்த்தேன்” என்றார். பிறகு கேழ்வரகு வயலுக்குப் பின்பக்கமாக இன்னொரு தடம் இருப்பதாகவும், அது இதைவிடச் செங்குத்து என்றும், நடுவில் ஓடை ஒன்று குறுக்கிடும் என்றும் சொன்னார்.

வரும் ஞாயிறு சைக்கிள் வீட்டில்தான் இருக்கும். அந்தப் பாதையை முதலில் நடந்து பார்க்கப் போகிறேன். ஆயா ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.